அப்பாவின் வண்டிச் சாவி: 'போதும்' என்று யார் சொல்வது?

புதுச்சேரியில் தேர்தல் வந்தால் ஒரு படம் நிச்சயம். என்.ரங்கசாமி பைக்கில் வந்து ஓட்டுப் போடும் படம். 2021 சட்டமன்றத் தேர்தலிலும் அப்படித்தான் வந்தார். முதல்வராக இருந்த நிலையில், 2024 ஏப்ரல் 19-ல் நடந்த மக்களவைத் தேர்தலிலும் அப்படித்தான். 1950-ல் பிறந்தவர் என்பதால் அன்று அவருக்கு வயது 73. எளிமையின் அடையாளமாகத்தான் அந்தப் படம் பகிரப்படுகிறது. வயது பற்றிய பேச்சு அதில் வருவதில்லை.

அதே 73 வயதில் லாஸ்பேட்டையிலோ முத்தியால்பேட்டையிலோ ஒருவர் காலையில் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்தால் வீட்டுக்குள்ளிருந்து வரும் குரல் வேறு. முதலில் "பார்த்துப் போங்கப்பா". கொஞ்ச நாள் கழித்து "எதுக்குப்பா வண்டி, ஆட்டோல போகலாம்ல?" அதன் பிறகு சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் மகன் போனில் அம்மாவிடம், "சாவியை எடுத்து வச்சுடும்மா". பெரும்பாலான வீடுகளில் இந்தப் பேச்சு ஒரு சின்ன விழுகைக்குப் பிறகுதான் தொடங்குகிறது. அப்போது எல்லோருமே கோபத்தில் இருப்பார்கள், நிதானமாக எதையும் முடிவு செய்ய முடியாது.

இந்தச் சிக்கல் இப்போது பெரிதாவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. டிவிஎஸ் 50 மொபெட் 1980-ல் சந்தைக்கு வந்தது. யமஹா ஆர்எக்ஸ் 100 வந்தது 1985-ல். அன்று 25 வயதில் வண்டி வாங்கியவர்கள் இன்று 65-ஐ எட்டிவிட்டார்கள். பெண்களும் வெகுகாலமாகவே மொபெட்டும் ஸ்கூட்டியும் ஓட்டிப் பழகிய ஊர் இது, எனவே அம்மாக்களும் இந்தக் கணக்கில் உண்டு. அவர்களுடைய பெற்றோர் நடந்தார்கள், சைக்கிள் மிதித்தார்கள், பஸ் ஏறினார்கள். வண்டியிலேயே வாழ்ந்து முதுமைக்கு வந்த முதல் பெரிய தலைமுறை இதுதான். வண்டியை எப்போது, எப்படி நிறுத்துவது என்பதற்கு வீட்டில் முன்மாதிரி கிடையாது.

லைசென்ஸ் என்ன சொல்கிறது?

சுருக்கமாகச் சொன்னால், ஒன்றும் சொல்வதில்லை. இந்தியாவில் சொந்த வண்டி ஓட்டுவதற்கு உச்ச வயது வரம்பு கிடையாது. மோட்டார் வாகனச் சட்டம் 2019-ல் திருத்தப்பட்ட பிறகு உள்ள கணக்கு இது: 30 வயதுக்குள் லைசென்ஸ் எடுத்தால் 40 வயது வரை செல்லும். 30 முதல் 50 வயதுக்குள் எடுத்தாலோ புதுப்பித்தாலோ 10 ஆண்டு. 50 முதல் 55-க்குள் என்றால் 60 வயது வரை. 55-ஐத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு முறையும் 5 ஆண்டு. 73 வயதில் புதுப்பித்தால் 78 வரை, 78-ல் புதுப்பித்தால் 83 வரை. இப்படிப் போய்க்கொண்டே இருக்கலாம்.

நடுவில் இருக்கும் ஒரே சோதனை மருத்துவச் சான்றிதழ். 40 வயதுக்கு மேற்பட்டவர்கள் படிவம் 1-ஏ கொடுக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் உள்ள நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடிகிறதா, காது கேட்கிறதா, மாலைக்கண் உண்டா, கை கால்களில் குறை உண்டா என்று பார்த்து டாக்டர் கையெழுத்திட வேண்டும். கேள்விகளில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கையெழுத்து சில இடங்களில் எத்தனை நிமிடத்தில் கிடைக்கும் என்பது ஊரறிந்த விஷயம். லைசென்ஸ் காலாவதியாகி ஓராண்டுக்குள் விண்ணப்பித்துவிட்டால் வண்டியை ஓட்டிக்காட்ட வேண்டிய தேவையும் இல்லை. ஓராண்டைத் தாண்டினால்தான் மறுபடி டெஸ்ட்.

அதாவது 1985-ல் எட்டு போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கிய ஒருவர், வாழ்நாள் முழுக்க இன்னொரு முறை எட்டு போடாமலேயே இருந்துவிடலாம். அரசாங்கம் "போதும்" என்று சொல்லப்போவதில்லை. அந்த வேலை வீட்டுக்கு வந்து சேர்கிறது.

வேகம் பிரச்சினையே இல்லை

"நான் இருபத்தஞ்சுக்கு மேல போறதே இல்லப்பா." வயதானவர்கள் சொல்லும் முதல் பதில் இது, பெரும்பாலும் உண்மையும்கூட. சிக்கல் என்னவென்றால், இருசக்கர வண்டி ஓடும்போது தானாகவே ஓரளவு நிலையாக நிற்கும். மெதுவாகப் போகும்போதும், நிற்கும்போதும், திரும்பும்போதும்தான் அதை உடம்பு தாங்க வேண்டியிருக்கிறது. சமநிலை எப்படி இருக்கிறது என்று பார்க்க பிசியோதெரபிஸ்ட்கள் ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வார்கள். சிக்னலில் ஸ்கூட்டரை நிறுத்துவதும் அதே சோதனைதான். கூடுதலாக, 100 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு பொருள் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருக்கும். அது கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்தால் இளைஞர் காலை ஊன்றி இழுத்து நிமிர்த்திவிடுவார். தேய்ந்த மூட்டும் மெலிந்த தொடைத் தசையும் அதைச் செய்யாது. வண்டியோடு சேர்ந்து ஆளும் மெதுவாகக் கீழே போவார். வேகம் பூஜ்ஜியமாக இருக்கும், இடுப்பு எலும்பு முறிந்திருக்கும்.

சர்க்கரை நோய் நீண்ட காலம் இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறையும். பைக்கில் பின் பிரேக் இருப்பது காலில். எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாமலேயே அழுத்துவார்கள். கழுத்து எலும்பு தேய்ந்தவர்களுக்குத் தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது வலிக்கும், அதனால் பார்க்காமலே வலப்பக்கம் திரும்பிவிடுவார்கள். கண்புரை தொடங்கியவர்களுக்குப் பகலில் எல்லாம் சரியாகத் தெரியும். இரவில் எதிரே வரும் கார் விளக்கு ஒரு பெரிய வெள்ளைத் திரையாக விரியும். படிவம் 1-ஏ பகல் வெளிச்சத்து நம்பர் பிளேட்டைத்தான் கேட்கிறது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

மருந்துகளைப் பற்றி வீடுகளில் அதிகம் பேசுவதில்லை. தூக்க மாத்திரையின் மந்தம் காலையிலும் மிச்சமிருக்கும். சளிக்குப் போடும் சில மாத்திரைகள் கண்ணைச் சொருக வைக்கும். பிபி மாத்திரை சிலருக்குத் தலைசுற்றல் தரும். சர்க்கரைக்கு மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பினால் நடுவழியில் கண் இருட்டலாம். எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியவர்கள், இதயத்துக்காக ரத்தத்தை மெலிதாக்கும் மருந்து சாப்பிடுபவர்கள். அவர்களுக்குத் தலையில் படும் சின்ன அடிகூட உள்ளே ரத்தக்கசிவாக மாறலாம். சில நேரம் நாட்கள், வாரங்கள் கழித்துத்தான் அது தெரியவரும். "ஒண்ணும் ஆகல, எந்திரிச்சு வந்துட்டேன்" என்று அப்பா சொன்னாலும் ஸ்கேன் தேவையா என்று டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

ஹெல்மெட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இந்த ஊரில் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. 2019 பிப்ரவரியில் துணைநிலை ஆளுநர் கிரண் பேடி தெருவில் இறங்கி ஹெல்மெட் போடாதவர்களை நிறுத்தினார். அதே வாரத்தில் முதல்வர் நாராயணசாமி ராஜ்நிவாஸ் எதிரே தர்ணாவில் உட்கார்ந்தார், அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஹெல்மெட் கட்டாயமும் ஒன்று. தலைக்கவசம் அரசியலான ஊரில், "பக்கத்துலதானே போறேன்" என்ற பதிலை மாற்றுவது லேசான வேலை இல்லை. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள்.

விட்டுவிட்டால் எதில் போவது?

பிள்ளைகள் இந்தக் கேள்வியைத் தவறவிடுகிறார்கள். மூட்டு வலிக்காரர் ஒருவரால் 300 மீட்டர் நடக்க முடியாது, ஆனால் 5 கிலோமீட்டர் வண்டி ஓட்ட முடியும். வண்டியை ஆபத்தாக்குகிற அதே முழங்கால்தான் வண்டி இல்லாமல் இருக்கவும் விடாது. மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் வாகனங்களுக்கு அனுமதி இல்லை, நடப்பவர்களுக்கே இடம். வாக்கிங் போவதற்காக அங்கே வருகிறவர்களில் பலர் அதுவரை வருவது ஸ்கூட்டரில்!

நகரப் பேருந்துகள் முக்கியச் சாலைகளோடு நின்றுவிடுகின்றன. டெம்போவில் போகலாம், ஆனால் முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு ஏறி இறங்க வேண்டும். ஆட்டோ என்றால் மீட்டர் பேச்சே இல்லை, ஒவ்வொரு பயணமும் ஒரு பேரம். நாற்பது ஆண்டுகள் நினைத்த நேரத்தில் கிளம்பிய ஒருவருக்கு, காய்கறி வாங்கவும் கோயிலுக்குப் போகவும் ஒருவரிடம் கேட்டு நிற்பது பெரிய இறக்கம். சாவியை ஒளித்து வைக்கும் வீட்டில், அப்பா வெளியே போவதே நின்றுபோகிறது. நண்பர்களோடு டீ போகும், பேங்க் வேலை போகும், கொஞ்ச நாளில் பேச்சும் குறையும். விபத்தைத் தடுத்துவிட்ட நிம்மதியில் இந்த இழப்பு கண்ணில் படுவதில்லை.

இன்னொரு பக்கம், சாலையும் பழைய சாலை இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் போட்ட கட்டக்கட்டமான தெருக்களில் கொஞ்ச தூரத்துக்கு ஒரு சந்திப்பு, பெரும்பாலானவற்றில் சிக்னல் கிடையாது. வார இறுதியில் வாடகை ஸ்கூட்டரில் வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு எது ஒருவழி என்றே தெரியாது. "நான் ஓட்டாத ரோடா?" என்று கேட்பவருக்குத் தெருவின் பெயர்தான் பழக்கம், போக்குவரத்து பழக்கமில்லை.

வாங்கினால் எதையாவது தர வேண்டும்

ஜப்பான் இதில் ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்தது. அங்கே 70 வயதுக்கு மேல் லைசென்ஸ் புதுப்பிக்க வகுப்பில் உட்கார வேண்டும், 75-க்கு மேல் நினைவாற்றல் சோதனையும் உண்டு. அதோடு, விருப்பப்பட்டு லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கும் முறை 1998 முதல் இருக்கிறது. கொடுப்பவர் விரும்பினால், இவ்வளவு காலம் ஓட்டியவர் என்று ஒரு சான்று அட்டை பெறலாம். பல ஊர்களில் அதைக் காட்டினால் பஸ்ஸிலும் டாக்ஸியிலும் சலுகை. 2019 ஏப்ரலில் டோக்கியோவின் இகெபுகுரோவில் 87 வயது முதியவர் ஓட்டிய கார் மோதி ஒரு தாயும் 3 வயதுக் குழந்தையும் இறந்தார்கள். அந்த ஆண்டு மட்டும் சுமார் 6 லட்சம் பேர் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

சென்னையில் 60 வயதைக் கடந்தவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவசப் பயண டோக்கன் 2016 முதல் வழங்கப்படுகிறது. சிறியதுதான், ஆனால் ஒரு மாற்று. வீடு அளவிலும் இதே கணக்கைப் போடலாம். பெட்ரோல், சர்வீஸ், இன்சூரன்ஸ் என்று ஒரு வண்டிக்கு மாதம் 1,500 ரூபாய் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்தைத் தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரிடம் மாதக் கணக்காகப் பேசிவிட்டு, "எப்போ வேணா கூப்பிடுங்க" என்று நம்பரை அப்பாவின் போனில் ஏற்றிக் கொடுத்தால், பேரமும் இல்லை, ஒவ்வொரு முறையும் மகனிடம் கேட்க வேண்டியதும் இல்லை.

ஒரே நாளில் நிறுத்த வேண்டுமா?

தேவையில்லை. முதலில் இரவுப் பயணத்தை விடலாம். பிறகு மழை நாள். பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலை, இந்திரா காந்தி சதுக்கம், ராஜீவ் காந்தி சதுக்கம் போன்ற இடங்கள். பின்னால் ஆள் ஏற்றுவதை, குறிப்பாகப் பேரக்குழந்தையை ஏற்றுவதை, எல்லாவற்றுக்கும் முன்பே விட வேண்டும். பலர் யாரும் சொல்லாமலேயே இப்படிக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். வலப்பக்கம் திரும்பாமல் இருக்க மூன்று தெரு சுற்றிப் போகும் அப்பாவுக்குத் தன் உடம்பு தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். பயப்பட வேண்டியது, தன்னிடம் எந்த மாற்றமும் இல்லை என்று நம்புகிறவரைப் பற்றித்தான்.

கவனிக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. சென்டர் ஸ்டாண்ட் போடுவதை விட்டுவிட்டாரா? இடது பக்கப் பேனலில் புதுக் கீறல் தெரிகிறதா? பழகிய வழியில் குழம்பினாரா? கடைசியானது நினைவாற்றல் சம்பந்தப்பட்டது, அதற்குப் படிப்படியாக என்ற பேச்சே கிடையாது. மற்றவற்றில் சில திரும்பவும் சரியாகும். கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரவுப் பார்வை தெளிந்தவர்கள் உண்டு. மாத்திரையை மாற்றினால் தலைசுற்றல் நிற்கலாம். அதனால்தான் இந்தப் பேச்சு வீட்டில் தொடங்கினாலும் டாக்டர் அறையில் முடிவது நல்லது. மகள் சொன்னால் சண்டை, டாக்டர் சொன்னால் மருந்துச்சீட்டு.

பைக்கை விற்றுவிட்டு மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத மின்சார ஸ்கூட்டர் வாங்கிக் கொடுக்கும் வீடுகளும் இருக்கின்றன. 250 வாட் வரை திறனுள்ள அந்த வண்டிகளுக்கு லைசென்ஸும் வேண்டாம், பதிவும் வேண்டாம். கியர் தொல்லையும் இல்லை. ஆனால் சக்கரம் இரண்டுதான், ஊன்ற வேண்டிய காலும் அதேதான். லைசென்ஸ் தேவையில்லை என்பதைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பிள்ளைகள் தங்களுக்காகவும் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பல வீடுகளில் வண்டியின் ஆர்சி மகன் பெயரில் இருக்கும், ஓட்டுவது அப்பா. அப்பாவின் லைசென்ஸ் காலாவதியாகியிருந்தால் அவருக்கு 5,000 ரூபாய் அபராதம், வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் தனியாக 5,000 ரூபாய் வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ சட்டத்தில் உண்டு. வண்டி அப்பா பெயரிலேயே இருந்தாலும், உரிமையாளர்–ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் அவசியம்.

காரும் ஓட்டுகிறவர் என்றால் முழு லைசென்ஸையும் விட வேண்டியதில்லை. சாரதி இணையதளத்தில் ஒரு வாகன வகுப்பை மட்டும் ஒப்படைக்கும் சேவை இருக்கிறது. லைசென்ஸ் முடியும் தேதிக்கு ஓராண்டு முன்பிலிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். அட்டையை எடுத்து அந்தத் தேதியைப் பார்த்து வைத்துக்கொண்டால், வீட்டில் இந்தப் பேச்சை எடுக்க அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.