வம்ச வரலாற்றில் உரியாவின் பெயர்



குடும்பச் சரித்திரத்தைச் சொல்லும்போது நாம் எவற்றைச் சொல்லுகிறோம்? முன்னோர் சேர்த்த நிலத்தையும் வகித்த பதவியையும் பெருமையோடு சொல்லுகிறோம். அந்த நிலத்தில் வியர்வை சிந்தியவர்களின் பெயர்களையோ விட்டுவிடுகிறோம்.

வர்ஜீனியா ஆங்கிலேயரின் குடியேற்ற நாடாயிருந்த காலத்தில், ராபர்ட் கார்ட்டர் என்னும் செல்வந்தர் அங்கே வாழ்ந்தார். ‘ராஜா கார்ட்டர்’ என்றே அவரை அழைத்தனர். சட்டசபையின் சபாநாயகர், பொருளாளர், ஓராண்டுக்கு மேல் தற்காலிக ஆளுநர் என அவர் வகித்த பதவிகள் பல. ஃபேர்ஃபேக்ஸ் பிரபுவின் நில முகவராயிருந்தபோது, தம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பெரும்பரப்புகளை ஒதுக்கிக்கொண்டார். 1732இல் அவர் மரித்தபோது சுமார் 3,00,000 ஏக்கர் நிலமும் நூற்றுக்கணக்கான அடிமைகளும் அவருக்குச் சொந்தமாயிருந்தார்கள். லங்காஸ்டர் மாவட்டத்தில் அவர் தம் செலவில் கட்டுவித்த கிறிஸ்து ஆலயத்தின் அருகே அவருடைய கல்லறை இருக்கிறது. அதில் அவருடைய பதவிகள் லத்தீனில் பொறிக்கப்பட்டுள்ளன. அவருக்காக உழைத்தவர்களின் பெயர்கள் இல்லை.

அவருடைய பேரனும் ராபர்ட் கார்ட்டர் என்ற பெயருடையவரே. நான்கு வயதில் தந்தையையும் பாட்டனாரையும் இழந்து, பெருஞ்சொத்துக்கு வாரிசானார். பின்பு ஆளுநரின் ஆலோசனைச் சபையிலும் அமர்ந்தார். 1778இல் அவர் ஞானஸ்நானம் பெற்று, அடிமைகளும் அங்கத்தினராயிருந்த ஒரு பாப்டிஸ்ட் சபையில் சேர்ந்தார். 1791இல், தம் அடிமைகளைப் படிப்படியாக விடுவிக்கும் பத்திரத்தை நீதிமன்றத்தில் பதிவு செய்தார். அதில் 450க்கும் மேற்பட்டோரின் பெயர்களும் வயதும் எழுதப்பட்டிருந்தன. அண்டை நில உடைமையாளர்கள் வெகுண்டனர். சொந்தக் குடும்பத்திலேயே எதிர்ப்பு எழுந்தது. பிற்காலத்தில் அவருடைய உபதேச நம்பிக்கைகள் மாறின. அந்தப் பத்திரத்தையோ அவர் ரத்து செய்யவில்லை. 1804இல் மரித்த அவரைத் தம் பழைய தோட்டத்தில் அடக்கம்பண்ணினார்கள். கல்லறைக்கல் எதுவும் வைக்கப்படவில்லை.

அவரை நான் குற்றமற்றவராகக் காட்டவில்லை. பல்லாண்டுகள் அவரும் பிறர் உழைப்பில் வாழ்ந்தவரே. அந்த விடுதலையும் ஒரே நாளில் வரவில்லை. ஆயினும் பாட்டனாரின் கல் மறைத்த பெயர்களைப் பேரனின் பத்திரம் எழுதிவைத்தது.

மத்தேயு முதலாம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். நம் ஆண்டவருடைய வம்ச வரலாற்றில், தாவீது ராஜாவின் பெயரருகே உரியாவின் பெயரும் நிற்கிறது. அநியாயமாய்க் கொல்லப்பட்டவனை மறைத்துவிட்டுத் தாவீதை உயர்த்த வேதம் சம்மதிக்கவில்லை. அப்படியிருக்க, நம் குடும்ப வரலாற்றை மட்டும் நாம் ஏன் வெள்ளையடிக்க வேண்டும்?

பிரியமானவர்களே, முன்னோரின் சொத்து முழுவதையும் ஆராயாமல் ‘ஆசீர்வாதம்’ என்று அழைப்பது பக்தியாகாது என்பதே என் கருத்து. சகேயு இரட்சிப்பைக் கண்ட நாளில் தன் கணக்கைத் திறந்தான். இந்த வாரம் உங்கள் பிள்ளைகளுக்குக் குடும்பக் கதையைச் சொல்லுங்கள். அதில் உரியாவின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். திருப்பிக் கொடுக்கவேண்டியது ஏதேனும் உண்டானால், அதை அடுத்த தலைமுறைக்கு விட்டுவைக்காதிருங்கள்.

உண்மையைப் பேசும் கிருபையைக் கர்த்தர் நமக்குத் தருவாராக. ஆமென்.