இல்லறக் குறிப்புகள்: ஜன்னல் வழியே நுழையும் இரைச்சல்

மாதுங்காவில் அம்பேத்கர் சாலையோரம் குடியிருக்கும் தமிழ் அன்பர்களுக்கு வாகன இரைச்சலைப் பற்றி நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. லாரி கடந்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். அலமாரியில் உள்ள பாத்திரமும் உடன் அதிரும்.

நான் இரயில்வேயில் பார்சல் பிரிவு எழுத்தன். மாதத்தில் பாதி நாள் இரவுப் பணி. பகலில் உறங்க வேண்டியவனுக்கு உறக்கம் வாய்க்கவில்லை. சென்ற மழைக்காலத்தில் கணக்கேட்டில் ஒரே தொகையை இருமுறை கூட்டிவிட்டேன். மேலதிகாரி பொறுத்துக்கொண்டார். மறுமுறையும் பொறுப்பார் என்று நம்பிக் குடும்பம் நடத்த இயலுமா?

முதலில் தடித்த திரைச்சீலை வாங்கினேன். பணம் போயிற்று, இரைச்சல் போகவில்லை. திரை, அறைக்குள் எழும் எதிரொலியைச் சிறிது அடக்கும்; வெளியோசையைத் தடுக்கும் கனம் அதற்கில்லை. உண்மைக் காரணத்தைக் கண்டவர் என் இல்லாளே. மாலையில் விளக்கேற்றிவிட்டு ஊதுவத்தியுடன் ஜன்னலருகே சென்றவர், சாத்திய கதவோரத்தில் புகை வளைவதைக் காட்டி, “பாருங்கள், மூடியும் மூடாமல்தான் இருக்கிறது” என்றார்.

காற்று புகும் இடுக்கில் ஓசையும் புகும். ஜன்னல் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு இடுக்கிருந்தால், கண்ணாடி எத்துணைத் தடித்ததாயினும் ஏறத்தாழ 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. ஆகவே முதலில் ஊதுவத்தியால் இடுக்குகளைக் கண்டறியுங்கள். கதவு சட்டத்தில் பொருந்துமிடம் எங்கும் ஒட்டும் ரப்பர் நாடா பதியுங்கள். ஆடும் கண்ணாடியைப் புதுப் பட்டி வைத்து இறுக்குங்கள். சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே உள்ள வெடிப்பையும் அடைத்துவிடுங்கள்.

இதன்பின்னும் இரைச்சல் மிகுந்தால், உட்புறம் இரண்டாவது தடுப்பு அமைக்கலாம். 6 மில்லிமீட்டர் அக்ரிலிக் தகட்டை, பழைய கண்ணாடியிலிருந்து சுமார் 10 சென்டிமீட்டர் தள்ளி, ஓரங்களில் இடுக்கின்றிப் பொருத்த வேண்டும். ஆபத்து வேளையில் உடனே கழற்றும்படி இருப்பது அவசியம். வாடகை வீட்டிலும் சுவரை இடிக்காமல் இதனைச் செய்யலாம். 10 டெசிபல் குறைந்தால் ஓசை பாதியானதுபோல் செவிக்குத் தோன்றும். ஹாரன் ஒலி நன்கு அடங்கும். லாரியின் தாழ்ந்த உறுமல் முற்றும் நீங்காது.

ஓர் எச்சரிக்கை. சாலைப்பக்கத்தை அடைத்தால் கொல்லைப்பக்க ஜன்னலைத் திறந்து வையுங்கள். காற்றோட்டமற்ற குளியலறையில் எரிவாயுவால் வெந்நீர் காய்ச்சுவது உயிருக்கே உலை வைக்கும்.

குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் எல்லை வகுத்துள்ளன. அவ்விதி சாலையில் நிறைவேற நாம் சங்கமாகக் கூடிக் குரல் கொடுப்போம். அதுவரை நம் வீட்டு இடுக்கை நாமே அடைப்போம். எங்கள் வீட்டில் நாடா ஒட்டிய மறுநாள் நான்கு மணி நேரம் அயர்ந்து உறங்கினேன். அன்றிரவு கணக்கு ஒரே கூட்டலில் சரியாக வந்தது.