சீட்டோடு நின்றுவிட வேண்டாம்

கள்ளக்குறிச்சி மாவட்டத்துப் பெற்றோருக்கும், கல்வராயன் மலையில் பேரப்பிள்ளைகளை வளர்த்துவரும் தாத்தா, ஆயாமாருக்கும், ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், மருந்துக் கடைக்காரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நாங்கள் இந்த மாவட்டத்தில் பிள்ளைகளைப் பெற்றவர்கள், பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்கள். மலையிலும் இருக்கிறோம், அடிவாரத்திலும் இருக்கிறோம். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பள்ளியிலோ பால்வாடியிலோ குழந்தையின் கண்ணைப் பார்த்துவிட்டு, 'பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்' என்று சீட்டு எழுதிக் கொடுத்தால், அது வீட்டில் செருகிவைத்த இடத்திலேயே கிடக்கக் கூடாது. குழந்தை இன்னும் பால்வாடிக்கே போகவில்லை என்றால், சீட்டுக்குக் காத்திராமல் நாமே கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

பரிசோதனையே கிடையாது என்று யாரும் சொல்ல முடியாது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பார்த்து இலவசமாகக் கண்ணாடி கொடுக்கும் 'கண்ணொளி காப்போம்' திட்டம் 2009லேயே தமிழ்நாட்டில் தொடங்கிவிட்டது. 2013ல் வந்த ஆர்.பி.எஸ்.கே. என்னும் சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழு ஒன்று அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். பிறந்தது முதல் 18 வயது வரை இதில் அடக்கம். 2019ல் நாம் தனி மாவட்டம் ஆனோம். 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாயிற்று. எழும்பூர் கண் மருத்துவமனை 1819ல் தொடங்கியது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண் வைத்தியத்தில் தமிழ்நாட்டுக்குக் குறை ஒன்றும் இல்லை.

குறை, சீட்டுக்குப் பிறகு வரும் பயணத்தில் இருக்கிறது. வெள்ளிமலைக்கும் அப்பால் இருக்கிற ஊரிலிருந்து நடந்து ரோட்டுக்கு வந்து, கச்சிராயபாளையம் இறங்கி, கள்ளக்குறிச்சி பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய் வருவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும். அப்பா அம்மா கேரளாவுக்கோ கர்நாடகத்துக்கோ வேலைக்குப் போயிருப்பார்கள். சீட்டு ஆயா கையில் இருக்கும். அதில் எழுதியிருப்பது அவருக்குப் புரியாது, புரிய வைக்கவும் யாரும் மெனக்கெட்டிருக்க மாட்டார்கள். பிள்ளை ஓடியாடி விளையாடுகிறது, மாடு மேய்க்கிறது, அப்புறம் என்ன என்று அவர் நினைத்தால் அவர்மேல் தப்பில்லை. கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் 2024ல் தானாக முன்வந்து வழக்கு எடுத்ததே, அதன் அடியில் இருப்பதும் இதே தூரம்தான்.

அந்த வழக்குக்கு முன்னால் நடந்தது நம் எல்லாருக்கும் தெரியும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பிழைத்தவர்களில் சிலருக்குப் பார்வை போயிற்று. கண் தெரியவில்லை என்று அவர்கள் கத்தியதை ஊரே கேட்டது. பெரியவர்களுக்குப் பார்வை போனால் கத்தத் தெரியும். பிறந்ததிலிருந்தே மங்கலாகப் பார்க்கிற குழந்தைக்கு, தான் பார்ப்பது மங்கல் என்று எப்படித் தெரியும்? உலகமே இப்படித்தான் இருக்கும்போல என்று அது நினைத்துக்கொள்கிறது. ஒரு கண் நன்றாக இருந்து மறு கண்ணில் மட்டும் கோளாறு என்றால் வீட்டில் யாருக்குமே சந்தேகம் வராது.

கண் வெறும் வாசல்தான். பார்க்கக் கற்றுக்கொள்வது மூளை. அந்தப் படிப்பு பிறந்தது முதல் ஏழெட்டு வயது வரைதான் மும்முரமாக நடக்கும். ஒரு கண்ணிலிருந்து தெளிவில்லாத காட்சியே வந்துகொண்டிருந்தால் மூளை அந்தக் கண்ணைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். தண்ணீர் ஓடாத வாய்க்கால் தூர்ந்துபோவதுபோல அந்தப் பாதை அடைபடும். சோம்பேறிக் கண் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். நான்கு வயதில் பிடித்தால் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினம் சில மணி நேரம் ஒட்டுப் போட்டு மறைத்து, மந்தமான கண்ணுக்கு வேலை கொடுத்துப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். பதினைந்து வயதில் எவ்வளவு விலை உயர்ந்த கண்ணாடி போட்டாலும் இழந்த பார்வை முழுதாகத் திரும்புவது அரிது. மாறுகண் இருந்தால் அதிர்ஷ்டம் என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. நான்கு மாதத்துக்குப் பிறகும் கண் மாறியே இருந்தால் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடாதீர்கள், கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

கைக்குழந்தையை வீட்டிலேயே கொஞ்சம் கவனிக்கலாம். இரண்டு மாதம் ஆனதும் முகம் பார்த்துச் சிரிக்க வேண்டும். மூன்று மாதத்தில் நகரும் பொருளின் பின்னால் கண் போக வேண்டும். ஒரு கண்ணைக் கையால் மறைத்தால் சும்மா இருக்கிற குழந்தை, மறு கண்ணை மறைத்ததும் அழுது கையைத் தட்டிவிடுகிறதா? அப்படியானால் திறந்திருக்கிற கண்ணில் பார்வை குறைவு என்று சந்தேகப்படலாம். கருவிழியின் நடுவில் வெள்ளையாகத் தெரிந்தாலோ, செல்போனில் பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மறு கண் வெள்ளையாகவும் இருந்தாலோ, அந்த வாரமே கிளம்புங்கள். அது பிறவிக் கண்புரையாக இருக்கலாம். சில குழந்தைகளுக்குக் கண்ணுக்குள் வரும் புற்றுநோயாகவும் இருக்கலாம். பிறவிப் புரையை முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் எடுத்தால்தான் பலன் அதிகம். ஒரு வயது ஆகட்டும், குழந்தைக்குத் தெம்பு வரட்டும் என்று தள்ளிப்போடுவது பாசத்தில் செய்யும் கெடுதல்.

குறைமாதப் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. 34 வாரத்துக்கு முன்போ, இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு விழித்திரையில் ரத்தக்குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. பெட்டியில் வைத்து ஆக்சிஜன் கொடுத்து உயிரைக் காப்பாற்றுவார்கள். அதன்பிறகு அந்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து விழித்திரையை இழுத்துப் பிரித்துவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் கண் பளபளவென்று நன்றாகவே இருக்கும். பிறந்து 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும் என்பது விதி. மிகச் சிறிய குழந்தை என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் லேசர் சிகிச்சையில் பார்வையைக் காப்பாற்றலாம், ஆனால் அதற்குக் கிடைக்கும் அவகாசம் நாட்கணக்குதான். 1996ல் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் 29வது வாரத்தில், 1,250 கிராம் எடையில் பிறந்த பெண் குழந்தைக்கு இந்தப் பரிசோதனையைச் செய்யாமலே வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு கண்ணும் போயிற்று. 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பத்தொன்பது வருஷம் நடந்த போராட்டம். குழந்தையை வீட்டுக்கு அழைத்துப் போகும் நாளில், 'விழித்திரை பார்த்தாச்சா, அடுத்து எப்ப வரணும்?' என்று நர்சம்மாவிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒன்பது மாதத் தடுப்பூசியோடு வைட்டமின் ஏ திரவம் கொடுக்கிறார்கள். அதன்பிறகு ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மொத்தம் ஒன்பது தடவை. இதை நடுவில் விட்டுவிடுகிற வீடுகள் அதிகம். மரவள்ளிக் கிழங்கும் சோறும் வயிற்றை நிரப்பும், கண்ணுக்கு வேண்டியது அதில் இல்லை. முருங்கைக்கீரையும் பப்பாளியும் மாம்பழமும் கிடைக்கிற காலத்தில் பிள்ளைக்கும் ஒரு பங்கு போகட்டும். பொழுது சாய்ந்ததும் பிள்ளை தட்டுத் தடுமாறினால் மாலைக்கண்ணாக இருக்கலாம். அதே ஒன்பது மாதத்தில் போடும் தட்டம்மை ரூபெல்லா ஊசியும் கண்ணுக்குக் காவல்தான். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் குழந்தை கண்புரையோடு பிறக்கக்கூடும். சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களின் பிள்ளைகளுக்குப் பரம்பரைக் கண் நோய்கள் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், அவர்கள் இன்னும் முன்கூட்டியே காட்டுவது நல்லது.

மலையில் பெரியவர்களுக்கு மூலிகை அறிவு நிறைய உண்டு, நாங்கள் அதை மதிக்கிறோம். ஆனால் பச்சிலைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் கண்ணுக்குள் விட வேண்டாம். முள்ளோ தோகையோ கீறிய கண்ணில் இவற்றை விட்டால் கருவிழி புண்ணாகி வெள்ளைத் தழும்பு விழுந்துவிடும். மருந்துக் கடைக்காரர்களே, கண் சிவந்து அரிக்கிறது என்று வெயில் காலத்தில் பிள்ளைகளைக் கூட்டி வருகிறார்கள். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைச் சீட்டில்லாமல் கொடுக்காதீர்கள். இரண்டு நாளில் கண் வெளுத்துவிடும், உங்கள் கடைக்கு நல்ல பெயரும் வரும். மாதக்கணக்கில் விட்டுக்கொண்டே இருந்தால் கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பே கெடும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. போர்டு தெரியவில்லை என்கிற பிள்ளையை முன் பெஞ்சுக்கு மாற்றுவது வைத்தியம் ஆகாது. எழுத்து அட்டையைக் காட்டும்போது ஒவ்வொரு கண்ணாக, உள்ளங்கையால் மறைக்கச் சொல்லிப் பாருங்கள். விரல் இடுக்கால் எட்டிப் பார்ப்பதும், முன்னால் நின்றவன் சொன்னதை மனப்பாடமாக ஒப்பிப்பதும் பிள்ளைகளுக்குக் கைவந்த கலை. உண்டு உறைவிடப் பள்ளிகளில் கண்ணாடி உடைந்தால் திட்டுக்குப் பயந்து பெட்டிக்குள் ஒளித்துவைக்கிறார்கள். 'சோடாபுட்டி' என்று யாராவது கூப்பிட்டால் அதன்பிறகு போடவே மாட்டார்கள். பெண் பிள்ளை கண்ணாடி போட்டால் மாப்பிள்ளை அமையாது என்ற பேச்சைத் தாய்மார்கள்தான் நிறுத்த வேண்டும்.

ஆஸ்பத்திரியில் கண்மணி விரிய மருந்து விடுவார்கள். சில மணி நேரம், சில மருந்துக்குச் சில நாள், பிள்ளைக்குக் கிட்டத்துப் பார்வை மங்கும், வெயில் கூசும். கண்ணைக் கெடுத்துவிட்டார்கள் என்று பயந்து மறுபடி வராமல் போனவர்கள் உண்டு. அது தானாகச் சரியாகிவிடும். பிறந்ததும் ஒரு முறை, ஒரு வயதுக்குள் ஒரு முறை, மூன்று வயதில், ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் முன், பிறகு ஆண்டுக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால் போதும்.

ஊராட்சித் தலைவர்களிடமும் கள்ளக்குறிச்சி வியாபாரிகளிடமும் வண்டி கேட்கிறோம். பத்துச் சீட்டு சேர்ந்ததும் ஒரு வேன், கூடவே ஓர் ஆசிரியரோ அங்கன்வாடி டீச்சரோ, டீசலுக்குப் பணம், பிள்ளைகளுக்கும் ஆயாக்களுக்கும் மதியச் சாப்பாடு. ஒவ்வொரு பள்ளியிலும் சீட்டு வாங்கிய பிள்ளைகளின் பட்டியலைத் தலைமையாசிரியர் வைத்திருக்கட்டும். அக்டோபர் 2 கிராம சபையில் பிள்ளைகளின் பெயரை வாசிக்க வேண்டாம். எத்தனை பேருக்குச் சீட்டு கொடுத்தார்கள், எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள் என்ற இரண்டு எண்களை மட்டும் வாசியுங்கள்.