விளக்கும் விடை கூற வேண்டும்

கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுமிடத்தில், மஸ்ஜித் ஜாமெக் பள்ளிவாசலின் அருகே, 2017ஆம் ஆண்டில் ‘கோலாம் பீரு’ என்னும் ஒளியமைப்பு திறக்கப்பட்டது. நீல விளக்கொளி நீரின்மேல் படர, செயற்கை மூடுபனி எழும் காட்சியைக் காண இரவில் மக்கள் திரண்டனர். ‘கோலாம்’ என்னும் மலாய்ச் சொல் தமிழின் ‘குளம்’ என்பதன் வழிவந்தது என்பதைத் தமிழாசிரியர் அறிவர். எனினும், கரையில் நிற்பவர் எம்மொழியினராயினும் அவ்வொளியிடம் அவர் கூறக்கூடியது ஒன்றுமில்லை. கையசைத்தாலும் நீலம் நீலமாகவே இருக்கும். நகரம் காட்டுகிறது, மக்கள் காண்கின்றனர், அவ்வளவே.

கண்ணுக்கு இனிமை தந்தால் போதாதா, விளக்கோடு உரையாடவும் வேண்டுமா என வினவுவோர் உளர். அவர்களுக்கு 2001ஆம் ஆண்டின் பெர்லின் விடை கூறும். அங்கே அலெக்சாந்தர் சதுக்கத்தில் ‘ஆசிரியர் இல்லம்’ என்னும் பெயருடைய கட்டடத்தின் மேல்மாடிகள் எட்டில், மாடிக்குப் பதினெட்டாக 144 சாளரங்களின் பின்னே விளக்குகளை வைத்தனர் கணினி ஆர்வலர் சிலர். வழிப்போக்கர் தம் கைப்பேசி வாயிலாக அச்சுவரில் பந்தாட்டம் ஆடினர். தாமே அமைத்த படங்களையும் காதல் மடல்களையும் ஒளிரச் செய்தனர். விளக்கு வைத்தவர்கள் வழிவிட்டனர், பேசியவர்கள் பொதுமக்கள். பொது இடத்து ஒளி பொதுமக்களுடையதாவது அவ்வாறன்றோ?

இத்தகைய தொழில்நுட்பம் மேலைநாட்டாருக்கே உரியது, தமிழருக்கு அதில் என்ன வேலை என்பது அடுத்த தடை. இது வரலாறு அறியாதார் கூற்று. மலாயாவில் மின்சாரம் பயன்பட்டதாகப் பதிவான முதல் நிகழ்வு 1894இல் ரவாங் ஈயலம்பத்தில் நிகழ்ந்தது. அங்கே மின்னாக்கியை நிறுவியவர் இருவர்: ஒருவர் லோக் இயூ, மற்றவர் தம்புசாமிப் பிள்ளை. கோயில் எழுப்பியவராகவே நினைவுகூரப்படும் அப்பெரியவர், தம் காலத்தின் புத்தம்புதிய பொறியையும் அஞ்சாது கையாண்டார். அவர்தம் வழிவந்தோர் ஒளியை அண்ணாந்து பார்ப்பதோடு அமைவது முறையோ?

பிரிக்பீல்ட்ஸில் 2010இல் ‘லிட்டில் இந்தியா’ திறக்கப்பட்டது. வளைவுகளும் விளக்குகளும் வந்தன. அதுவே போதும் என நிறைவடைந்தோர் பலர். ஆற்றுச் சங்கமத்திலிருந்து இரயிலில் அது இரண்டே நிலையத் தொலைவு. ஆயினும் ஒரு மொழிக்குத் தனித் தெரு அளிப்பது வேறு. நகரின் நடுவே எல்லாரோடும் அது பேச இடமளிப்பது வேறு. தெருவை அலங்காரம் நிரப்பலாம். பேச்சுக்கு எழுத்து வேண்டும்.

அவ்வெழுத்தே இங்குத் தலையாய சிக்கல். உரோமன் எழுத்து எட்டு வரிசை விளக்குகளில் எளிதில் அடங்கும். மேலே புள்ளியும் மேல்விலங்கும், கீழே இறங்கும் சுழியும், பக்கத்தே கொம்பும் காலும் கொண்ட தமிழெழுத்து அதற்குள் திணறும். 247 எழுத்தும் சிதையாமல் தெரிய எத்தனை வரிசை வேண்டும்? எந்த வளைவைச் சுருக்கலாம், எதைச் சுருக்கினால் ‘ன’வும் ‘ண’வும் மயங்கும்? மின்பொறியாளர் இதற்கு விடை காணார். காண வேண்டியவரும் அவரல்லர். எழுத்தின் உயிர்நிலை அறிந்தவர் தமிழாசிரியரே. கட்டத்தாளும் கரிக்கோலும் கொண்டு வகுப்பறையிலேயே மாணவர் இப்பணியைத் தொடங்கலாம்.

மக்கள் எழுதக்கூடிய ஒளிச்சுவர் ஒன்று கோலாலம்பூரின் நடுவே நாளை எழக்கூடும். அன்று அதில் தமிழ் இல்லையே என மனுக்கொடுப்பதைவிட, இன்றே எழுத்தை ஆயத்தம் செய்து கேட்பது அறிவுடைமை. ஆயத்தம் செய்யாதார் அன்று நகராண்மையைப் பழிப்பதிற் பயனில்லை.