எலும்பும் ஏடும்

14 வயதுக்குட்பட்டோருக்கான 600 மீட்டர் ஓட்டத்தில், மேலுதட்டில் கருமை படர்ந்த ஒரு பையன் மற்றவர்களை ஐம்பது மீட்டர் பின்னால் விட்டுவிட்டு எல்லைக்கோட்டைத் தொடும்போது, மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் ஆசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். குறுவட்டப் போட்டிகளிலிருந்து மாநில அளவிலான குடியரசு தினப் போட்டிகள் வரை இந்தச் சிரிப்பைக் காணலாம். யாரும் எழுத்தில் கொடுக்கமாட்டார்கள். யாரும் பெயர் சொல்லமாட்டார்கள். மறுநாள் நாளிதழில் அந்தப் பையனின் படம் வரும், வயதோடு. சிரித்தவர்களில் ஒருவர்தான் படத்தில் அவன் தோளில் கைபோட்டு நிற்பார்.

இதைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மிடையே இரண்டு குரல்கள் ஒலிக்கின்றன. ஒன்று கருணைக் குரல்: "ஏழை வீட்டுப் பிள்ளை சார், இரண்டு வயதைக் குறைத்துப்போட்டு ஒரு வேலைக்குப் போய்விட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?" மற்றது ஞானக் குரல்: "எல்லாமே மோசடிதான், கென்யாக்காரன், எத்தியோப்பியாக்காரன் எல்லாம் இப்படித்தான் ஜெயிக்கிறான்." முதற்குரல் பொய்யை மன்னிக்கிறது, இரண்டாம் குரல் பொய்யை ஒரு நிறத்தின்மேல் ஏற்றிவிட்டுக் கைகழுவிக்கொள்கிறது. எதுவும் செய்யாமல் இருப்பதற்கு இரண்டுமே வசதியானவை. இரண்டையும் நான் மறுக்கிறேன்.

முதலில் இந்த நிலத்தின் கதை. என் தலைமுறையில் மன்னார்குடிச் சுற்றுக் கிராமங்களில் பள்ளியில் சேர்ந்தவர்களுக்கு வயது நிர்ணயிக்கப்பட்ட முறை தெரிந்ததே. வலக்கையைத் தலைக்குமேல் வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வார் தலைமையாசிரியர். விரல் காதை எட்டினால் ஐந்து வயது நிறைந்துவிட்டது. எட்டாவிட்டால் அடுத்த ஆண்டு வா. எட்டியவனுக்குப் பள்ளி திறக்கும் நாளிலிருந்து ஐந்தாண்டைக் கழித்து ஒரு தேதி எழுதப்படும். நாற்பதைக் கடந்த டெல்டாக்காரர்களின் சான்றிதழ்களைப் புரட்டிப் பாருங்கள்: மே மாதத்திலும் ஜூன் தொடக்கத்திலும் பிறந்தவர்களின் கூட்டம் திகைக்கவைக்கும். எனக்கும் ஏட்டில் ஒரு பிறந்தநாள், அம்மாவின் வாயில் வேறொரு பிறந்தநாள்.

தமிழ் கற்பிப்பவன் என்பதால் சொல்கிறேன், இது நமக்கு அயலான அளவுகோலும் அன்று. பிள்ளைத்தமிழின் பருவங்கள் மாதக்கணக்கில் சொல்லப்பட்டாலும் அவற்றின் உயிர் குழந்தை என்ன செய்கிறது என்பதில்தான் இருக்கிறது. தவழத் தலைநிமிர்ந்தால் செங்கீரை, கைகொட்டினால் சப்பாணி, தளர்நடையிட்டால் வருகை. உடல் செய்ததை வைத்து வயதைச் சொல்லும் மரபு அது. காதைத் தொடும் கை அந்த மரபின் கடைசி வாரிசு என்றுகூட விளையாட்டாகச் சொல்லலாம். ஆனால் அம்மாக்களிடம் வேறொரு நாட்காட்டி இருந்தது. புயலடித்த வருஷம், குறுவை அறுப்புக்கு முந்தின வாரம், ஆற்றில் தண்ணீர் வந்த மறுநாள். 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயலின்போது எந்தப் பிள்ளை வயிற்றிலிருந்தது, எது இடுப்பிலிருந்தது என்பதை இன்றும் தவறாமல் சொல்லும் கிழவிகள் இருக்கிறார்கள். அரசு அந்த நாட்காட்டியைக் கேட்கவில்லை; காதைக் கேட்டது.

ஆகவே, பழைய தலைமுறையின் தவறான தேதிகளை மோசடி என்று அழைப்பது அறியாமை. அது பொய்யன்று, உத்தேசம். கிழக்காப்பிரிக்க மலைக்கிராமங்களிலும் நெடுங்காலம் இதுவே நிலை. உத்தேசம் என்றால் சில வேளை கூடவும் சில வேளை குறையவும் வேண்டும். எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் அது உத்தேசமல்ல, கணக்கு.

கருணைக் குரல்காரர்கள் இங்கேதான் நழுவப் பார்க்கிறார்கள். "கிராமத்தில் பிறந்த தேதி யாருக்குத் தெரியும்?" என்கிறார்கள். எந்தக் கிராமத்தில்? இன்றைய தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில் நடக்கின்றன. கருவுற்ற பெண்ணின் விவரம் கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் ஏறுகிறது. பிக்மி எண் வழங்கப்படுகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி அந்தக் கணக்கின்படியே தவணை தவணையாக வருகிறது. தடுப்பூசி அட்டையில் தேதி இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இந்தப் பகுதியின் தென்னைகளைச் சாய்த்தபோது பிறந்த குழந்தைக்குக்கூட அரசிடம் தேதி உண்டு. கருவிலிருக்கும்போதே அரசுக்குத் தெரிந்துவிட்ட பிள்ளைக்கு, பன்னிரண்டாம் வயதில் வேறொரு பிறந்தநாள் முளைக்கிறதென்றால் அதை முளைக்க வைத்த கை ஒன்று இருந்தாக வேண்டும். அது பெரியவரின் கை.

வழியும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 21 நாட்களுக்குள் பதியச் சொல்கிறது. தவறியவர்கள் தாமதமாகப் பதியவும் வழி வைத்திருக்கிறது. அது நியாயமான வழி, ஏழைகளுக்காக வைத்த வழி. அந்த வழியாகத்தான் இரண்டாவது சான்றிதழும் வருகிறது, பிள்ளை ஓடத் தொடங்கிய பிறகு.

உலகத்துக்கு இது புதிதன்று. 1988இல் மெக்சிகோ கால்பந்துச் சங்கம் 20 வயதுக்குட்பட்டோருக்கான தகுதிப் போட்டியில் வயது கடந்தவர்களை ஆடவைத்தது அம்பலமாயிற்று. காட்டிக்கொடுத்தது வேறெதுவுமில்லை, சங்கமே அச்சிட்ட ஆண்டுப் புத்தகம். அதில் உண்மையான பிறந்த தேதிகள் இருந்தன! தண்டனை அந்த இளைஞர்களோடு நிற்கவில்லை. சங்க நிர்வாகிகள் தடைசெய்யப்பட்டார்கள். நாட்டின் எல்லா அணிகளும் இரண்டாண்டுகள் விலக்கப்பட்டு, 1990 உலகக் கோப்பையே மெக்சிகோவுக்குக் கைநழுவியது. அடுத்த ஆண்டே நைஜீரியா இதே போன்ற காரணத்துக்காக இளையோர் போட்டிகளிலிருந்து இரண்டாண்டுகள் ஒதுக்கப்பட்டது. சீன ஜிம்னாஸ்டிக் வீராங்கனை டோங் பாங்சியாவின் கதை தலைகீழானது. சிட்னியில் 2000இல் பதக்கம் வென்றபோது வயதைக் கூட்டிக் காட்டியிருந்தார்கள். எட்டாண்டு கழித்து பெய்ஜிங்கில் அவர் அலுவலராகப் பணிபுரிந்தபோது தந்த ஆவணத்தில் வேறு பிறந்த ஆண்டு இருந்தது. 2010இல் அணியின் வெண்கலம் பறிபோயிற்று. கிரிக்கெட்டில், 1996இல் 37 பந்துகளில் சதமடித்த "பதினாறு வயதுச் சிறுவன்" ஷாகித் அப்ரிதி, 2019இல் வெளிவந்த தன் சுயசரிதையில் தான் பிறந்தது 1975 என்று எழுதினார். மெக்சிகோவிலும் சீனாவிலும் பாகிஸ்தானிலும் உண்மையை வெளிக்கொணர்ந்தது எலும்பல்ல, ஏடு.

நம்மவர்களோ எலும்பையே நம்புகிறார்கள். இடது கையையும் மணிக்கட்டையும் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முனைகளின் வளர்ச்சிக்கு மதிப்பெண் போட்டு வயதைக் கணிப்பது டி.டபிள்யூ. 3 என்னும் முறை; டேனர், வைட்ஹவுஸ் என்ற இருவர் உருவாக்கியதன் மூன்றாம் வடிவம். குழந்தை வளர்ச்சியை அளப்பதற்காக மருத்துவர்கள் கண்ட கருவி அது. பிறந்த தேதியைக் கண்டுபிடிக்கும் கருவியாக அவர்கள் அதைச் செய்யவில்லை. ஒரே நாளில் பிறந்த இரு பிள்ளைகளின் எலும்புகள் ஓராண்டு, சில வேளை அதற்கும் மேல் வேறுபடுவது இயல்பு. ஆண்பிள்ளைக்குப் பதினாறரை, பெண்பிள்ளைக்குப் பதினைந்து என்ற எல்லையைத் தாண்டினால் அந்த அளவுகோல் முடிந்துபோகிறது. 18, 20 வயதுப் பிரிவுகளுக்கு அது பயன்படாது.

இதைவிடக் கொடுமையான ஒன்று உண்டு. சீக்கிரம் முதிரும் உடலே 14 வயதுக்குட்பட்டோர் பந்தயத்தில் வெல்லும் உடல். சோதனைக்கு அழைக்கப்படுவது அந்த உடல்தான். வயது சரியாக இருந்தும் தோற்றுப்போகக்கூடியதும் அதுதான். மறுபுறம், சோறு போதாமல் வளர்ந்த பிள்ளையின் எலும்பு பின்தங்கியே முதிர்கிறது. இரண்டு வயது குறைத்துப் போடப்பட்ட அப்பிள்ளை எக்ஸ்ரேயில் தேறிவிடும். நல்ல சாப்பாடு சாப்பிட்ட உண்மையான பதினான்கு வயதுப் பையன் பொய்யனாகிவிடுவான். நடுத்தூர ஓட்டத்தில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. பதின்மூன்றில் கொடிபோலிருந்து எல்லோரையும் வென்ற பெண், பருவமெய்திய பின் உடல் மாறி, பதினேழில் பின்தங்குவது சாதாரணம். "அப்போதே சந்தேகப்பட்டேன்" என்று தலையாட்டுபவர்கள் இதையும் மோசடிக்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். காணாமற்போன திறமை எல்லாம் திருத்தப்பட்ட தேதியல்ல.

உடலைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினால் என்ன நடக்கும் என்பதை அறிய நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தின் கத்தக்குறிச்சியிலிருந்து ஓடி வந்தவர் சாந்தி சௌந்தரராஜன். 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். அது வயது பற்றிய ஐயமல்ல, பால் பற்றியது. ஆனால் முறை ஒன்றே: ஏழை வீட்டு உடலொன்றைச் சோதனைக்கு உட்படுத்து, முடிவைச் செய்தியாகக் கசியவிடு, பதக்கத்தைப் பறி, ஊருக்கு அனுப்பிவை. செங்கற்சூளைக் கூலிகளின் மகள் பின்னாளில் சூளைக்கே கூலியாகப் போனார். அவரை அங்கே அனுப்பிய சங்கத்தார் யாரும் எந்தச் சூளைக்கும் போகவில்லை. நாளை ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை "வயது மோசடி" என்ற தலைப்பின் கீழ்ப் பெயரோடு அச்சாகும்போது, அந்தப் பிள்ளைக்குத் தேதி எழுதிக் கொடுத்தவர் அதே செய்தியை டீக்கடையில் படித்துக்கொண்டிருப்பார்.

கருணைக் குரலின் கேள்விக்கு வருகிறேன். யாருக்கு என்ன நஷ்டம்? நான்காவதாக வந்தவனுக்கு. உண்மையான வயதோடு ஓடி, மீசை வைத்த மூவருக்குப் பின்னால் வந்த அந்தப் பையனும் ஏழைதான். அவன் அப்பனும் அதே வயலில் நாற்றுக்கட்டு தூக்கியவர்தான். அவனுக்கு மாநிலப் போட்டிக்கு அழைப்பில்லை, விளையாட்டு விடுதியில் இடமில்லை. "உனக்கு ஓட்டம் வராதுடா" என்று அவனிடம் சொல்லப்படுகிறது, நம்பிவிடுகிறான். அடுத்த ஆண்டு மைதானத்துக்கு வரமாட்டான். இந்தக் கருணை ஓர் ஏழையின் தட்டிலிருந்து எடுத்து இன்னோர் ஏழையின் தட்டில் வைக்கிறது. பரிமாறியவர் பெயர் வாங்கிக்கொள்கிறார்.

வென்றவனுக்காவது நன்மையா என்றால் அதுவுமில்லை. பதினாறு வயதில் பதினான்கு வயதுக்காரர்களை வென்று பழகியவன், தன் வயதுக்காரர்களோடு ஒருபோதும் மோதிப் பார்க்கவில்லை. வயதுப் பிரிவு முடிந்த அன்று திடீரெனச் சாதாரணனாகிவிடுகிறான், காரணம் தெரிந்தும் யாரிடமும் சொல்லமுடியாமல். எண்ணூறு, ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓட்டங்கள் இருபதுகளின் நடுவில்தான் முழுமையாகக் கனியும். நாமோ பிஞ்சிலேயே விலை பேசுகிறோம். 2006 மே மாதம் ஒடிசாவில் புதியா சிங் என்ற குழந்தை பூரியிலிருந்து புவனேசுவரம் வரை 65 கிலோமீட்டர் ஓடவைக்கப்பட்டபோது நாடு கைதட்டியதை நினைத்துப் பாருங்கள். அதில் செய்தியாக இருந்தது ஓட்டமா? "நான்கு வயது" என்ற இரண்டு சொற்களே செய்தி. மூன்று வயதில் பாடிய சம்பந்தரைக் கொண்டாடும் மண்ணிலிருந்து இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பிள்ளை மேதைகளுக்கான நம் பசிதான் சான்றிதழைத் திருத்தும் பேனாவுக்கு மை ஊற்றுகிறது.

உலகத் தடகள அமைப்பு 18 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டியை 2017 நைரோபியோடு நிறுத்திவிட்டது. இங்கே 14 வயதுப் பதக்கத்துக்கும் ஊர்வலம் நடக்கிறது. மத்திய விளையாட்டு அமைச்சகம் 2010இல் வயது மோசடிக்கெதிரான விதித்தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. 2025 மார்ச்சில் அதற்குப் புதிய வரைவை வெளியிட்டது. வரைவில் பயிற்சியாளர்களும் அலுவலர்களும் பொறுப்பாக்கப்பட்டிருப்பது நல்லது. ஆனால் முதல் நடவடிக்கை எப்போதும் பிள்ளையின் மீதே பாய்கிறது, எளிதில் கிடைப்பது பிள்ளை என்பதால்.

நான் கேட்பது மிகச் சிறியது. எக்ஸ்ரே இயந்திரம்கூட வேண்டாம். பிறப்புச் சான்றிதழில் பிறந்த தேதிக்கு அருகிலேயே பதிவு செய்யப்பட்ட தேதி என்றொரு கட்டம் இருக்கிறது. குறுவட்டப் போட்டியின் நுழைவுப் படிவத்தில் அந்தத் தேதியையும் எழுதச் சொல்லுங்கள். பிறந்து பத்தாண்டு கழித்துப் பதிவான சான்றிதழ் என்றால் தடுப்பூசி அட்டையையோ பிரசவப் பதிவையோ கேளுங்கள். படிவத்தில் கையெழுத்திடும் தலைமையாசிரியர், பயிற்சியாளர் இருவரின் பெயரையும் முடிவுப் பட்டியலில் வென்றவன் பெயருக்குக் கீழே அச்சிடுங்கள். பொய் வெளிப்பட்டால் அந்த இரு பெயர்களை முதலில் வெளியிடுங்கள். பிள்ளையின் பெயரை வெளியிடவே வேண்டாம். அவனை அவனுடைய உண்மையான வயதுப் பிரிவில் மறுவாரமே ஓட விடுங்கள். நான்காவதாக வந்தவனின் வீட்டுக்கு ஆளனுப்பி, அவன் மூன்றாவது என்று சொல்லிவிட்டு வாருங்கள்.