கருவியும் ஆசிரியரும்

புதிய சாதனம் ஒன்று வகுப்பறைக்குள் நுழையும்போதெல்லாம் இருவகைக் கருத்துகள் எழுகின்றன. இனி ஆசிரியரின் பணி பாதியாகக் குறைந்துவிடும் என்று சிலர் மகிழ்கின்றனர். ஆசிரியரின் மதிப்பே அழிந்துவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். ரேடியோ வந்த காலத்திலும் இவ்வாறே கூறப்பட்டது; கைப்பேசியும் இணையமும் பரவியுள்ள இந்நாளிலும் இவ்வாறே கூறப்படுகிறது. இரண்டும் பொருந்தா என்பதற்கு நம் நாட்டு அனுபவமே சான்று.

1956ஆம் ஆண்டில், அன்றைய பம்பாய் ராஜ்யத்தில், யுனெஸ்கோவின் உதவியுடன் அகில இந்திய வானொலி ஒரு சோதனையை மேற்கொண்டது. சுமார் 150 கிராமங்களில் வானொலி மன்றங்கள் அமைக்கப்பட்டன. மன்றத்தினர் ஒன்றுகூடி நிகழ்ச்சியைக் கேட்டனர். கேட்டதைப் பற்றி விவாதித்தனர். பின்னர் செயலில் இறங்க முற்பட்டனர். இதன் பயனை ஆராய்ந்த பால் நியூராத், மன்றம் இருந்த கிராமங்களை, ரேடியோ மட்டும் இருந்த கிராமங்களுடன் ஒப்பிட்டார். மன்றம் இருந்த இடங்களில் மக்களின் அறிவு பெரிதும் வளர்ந்திருந்தது. ரேடியோ மட்டும் இருந்த இடங்களில் வளர்ச்சி மிகச் சிறிதே. பெட்டி ஒன்றே; பயனை வேறுபடுத்தியது விவாதம்.

1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, செயற்கைக் கோள் வழியாக ஆறு ராஜ்யங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டெலிவிஷன் கல்வி அளிக்கப்பட்டது. அப்போதும் ஆசிரியர்களுக்கான விஞ்ஞானப் பயிற்சி திரையை மட்டும் நம்பி நடைபெறவில்லை. ரேடியோ, அச்சிட்ட பாடம், கையால் செய்து பார்க்கும் சோதனை ஆகியவையும் அதனுடன் இணைக்கப்பட்டன.

இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? கருவி விடையைத் தருமுன், மாணவன் உள்ளத்தில் வினா எழவேண்டும். எடுத்துக்காட்டாக, பள்ளி முற்றத்தில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டு, அதன் நிழல் எப்போது மிகக் குறுகும் என்று கேளுங்கள். பெரும்பாலான சிறுவர் “பன்னிரண்டு மணிக்கு” என்பர். விடையைக் கூறிவிடாதீர்கள், அவரவர் கருத்தை எழுதச் செய்து, பிறகு அளக்கச் செய்யுங்கள். முற்பகலிலும் பிற்பகலிலும் நிழல் சம நீளமாயிருக்கும் இரு நேரங்களைக் குறித்து, அவற்றின் நடுநேரத்தைக் கணக்கிடுவது நுட்பமான முறையாகும்.

இந்திய நேரம் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு வகுக்கப்பட்டது. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகிறது. ஆகவே உச்சி வேளை, ஆண்டுச் சராசரியில், ஆமதாபாதில் சுமார் 12 மணி 40 நிமிடத்திற்கும், குவஹாத்தியில் சுமார் 11 மணி 23 நிமிடத்திற்கும் அமைகிறது. இவ்விரு நகரங்களிலும் உள்ள பள்ளிகள் ஒரே நாளில் அளந்து, தம் முடிவுகளைக் கைப்பேசியில் பரிமாறிக்கொண்டால், ஏறத்தாழ 77 நிமிட வேற்றுமையைக் காண்பர். பூமி சுழல்வதை அச்சிறுவர் தாமே அளந்தவராவர். அதன்பின் சுழலும் பூமியின் படத்தைத் திரையில் காட்டினால், அது அவர்களது வினாவுக்கு விடையாக அமையும். அதே படத்தை முதலிலேயே காட்டினால், கண்டு மகிழ்ந்து மறப்பர். இங்கே செலவு ஒரு கோலும் சிறிது பொறுமையுமே. கைப்பேசி செய்தது, ஆசிரியரால் செய்யவியலாத ஒன்று, அதாவது தொலைவிலுள்ள முற்றத்தை அருகே கொணர்ந்தது.

ஆதலின் எந்தச் சாதனத்தையும் ஏற்குமுன் ஆசிரியர் மூன்று கேள்விகளைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளுதல் நலம். இதைக் காட்டுமுன் மாணவர் எதை ஊகிக்கவேண்டும்? காட்டியபின் எதை விவாதிக்கவேண்டும்? கையால் எதைச் செய்து பார்க்கவேண்டும்? இவற்றிற்கு விடையில்லையெனில், அச்சாதனத்தை அன்று மூடிவைப்பதே மேல்.

களப்பணியாளர்க்கும் ஒரு வேண்டுகோள். பள்ளியைப் பார்வையிடும்போது எத்தனை கருவிகள் உள்ளன என்று எண்ணுவதுடன் நின்றுவிடலாகாது. விவாதத்திற்கென நேர அட்டவணையில் இடம் உண்டா, மாணவர் எழுப்பிய வினாக்கள் யாவை என்பவற்றையும் குறித்தல் வேண்டும். கருவிக்குப் பணம் ஒதுக்கி, ஆசிரியருக்கு நேரம் ஒதுக்காத திட்டம், விதையை வாங்கிவிட்டு நிலத்தை உழாமல் விடுவதற்கு ஒப்பாகும்.