தொலைபேசி கற்றுத்தரும் பாடம்

தொண்ணூறுகளின் இறுதியில் வவுனியாவில் இருந்தவர்களுக்குக் 'கொமியூனிகேஷன்' கடைகள் நினைவிருக்கும். வெளிநாட்டிலிருந்து மகன் பேசப்போகிறான் என்று தகவல் வந்தால், தாய் முகாமிலிருந்து காலையிலேயே வந்து கடை வாங்கில் காத்திருப்பாள். அழைப்பு கிடைத்ததும் பாதி நேரம் அழுகையிலே போகும். மீதி நேரம் மணிக்கூட்டைப் பார்ப்பதிலே போகும். சிறுவனாக நானும் அந்த வாங்கில் இருந்திருக்கிறேன். ஒரு நிமிடப் பேச்சுக்கு ஏன் இவ்வளவு பணம் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

காரணம் தூரம் மட்டுமல்ல. இலங்கையில் வீட்டுத் தொலைபேசிச் சேவை நெடுங்காலம் அரச திணைக்களம் ஒன்றின் கையிலேயே இருந்தது. 1991ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கூட்டுத்தாபனமாக்கியது. 1996இல் சண்டெல், லங்கா பெல் என்னும் இரு கம்பனிகள் கம்பியில்லா இணைப்புகளுடன் போட்டிக்கு வந்தன. 1997இல் ஸ்ரீ லங்கா ரெலிகொம் நிறுவனத்தின் 35 வீதப் பங்கு ஜப்பானிய நிறுவனமொன்றுக்கு விற்கப்பட்டது. அப்போது வெளிநாட்டு அழைப்புகள் மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு அந்த ஒரே நிறுவனத்திற்கென ஒதுக்கப்பட்டன. 2002 ஓகஸ்டில்தான் அந்த ஏகபோகம் முடிந்தது. மறு ஆண்டு பல கம்பனிகள் அனுமதி பெற்றன, கட்டணம் இறங்கியது. எங்கள் பிள்ளைகள் கடல்கடந்து சிதறிய காலத்தின் ஒரு பகுதி அந்த ஏகபோகக் காலமாகவே கழிந்தது.

ஆகவே போட்டி நல்லதே. ஆனால் அது தானாக முளைப்பதில்லை. புதிய கம்பனியின் தொலைபேசியிலிருந்து பழைய கம்பனியின் தொலைபேசிக்குப் பேச முடியாவிட்டால், புதியதை யார் வாங்குவார்? ஒன்றையொன்று இணைக்கும்படி கட்டாயப்படுத்தச் சட்டமும் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் தேவைப்பட்டன. வரம்பு கட்டாத வயலில் தண்ணீர் நிற்காது.

கட்டிய வரம்பையும் கவனிக்காவிட்டால் உடைந்துவிடும். அமெரிக்காவில் 1984இல் பெல் தொலைபேசி நிறுவனத்திலிருந்து ஏழு பிராந்தியக் கம்பனிகள் பிரிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றே 2005இல் தன் பழைய தாய் நிறுவனத்தை விலைக்கு வாங்கிற்று. நம் நாட்டிலும் 2009இல் ஐந்து கைத்தொலைபேசிக் கம்பனிகள் இருந்தன. 2018இலும் 2024இலும் நிகழ்ந்த இணைப்புகளுக்குப் பின் மூன்றே எஞ்சியுள்ளன.

போட்டிக்கு இன்னொரு குறையும் உண்டு. பணம் உள்ள இடத்தை அது முதலில் தேடிப் போகும். கொழும்பில் கோபுரங்கள் எழுந்து பல ஆண்டுகள் கடந்த பின்னரே வன்னிக் கிராமங்களுக்கு அவை பெருமளவில் வந்தன. சந்தையில் இடம் கிடைக்காத மனிதத் தேவைகள் பல உண்டு என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1991ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் நினைவூட்டினார். வாங்க வசதியற்றவனும் மனிதனே.

இதை ஏன் விவசாயிகளுக்கு எழுதுகிறேன்? இன்று உங்கள் கையில் தொலைபேசி இருக்கிறது. தம்புள்ளையில் மிளகாய் என்ன விலை, திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் என்ன விலை என்று வயலில் நின்றே கேட்கலாம். ஆனால் அறுவடை முடிந்ததும் நெல்லை யாருக்கு விற்கிறீர்கள்? விதைநெல்லுக்கும் பசளைக்கும் கடன் தந்தவருக்கே. அவர் சொன்னதே விலை. கம்பனிகளை மாற்ற முடிந்த உங்களால் அந்த ஒருவரை மாற்ற முடியவில்லை. விலையை அறிவது ஒன்று. அந்த விலைக்கு விற்கும் சுதந்திரம் வேறொன்று.

அந்தச் சுதந்திரத்தை எந்தக் கம்பனியும் கொண்டுவந்து தராது. இடம்பெயர்ந்து வந்து மீண்டும் வயலில் கால்வைக்கும் குடும்பங்களுக்கு நான் சொல்வது இதுதான்: கடன் உங்களைத் தனித்தனியே கட்டிப்போடுமுன் ஒன்றுசேருங்கள். பத்துக் குடும்பங்கள் சிறுகச் சேமித்தால் அடுத்த போக விதைநெல்லுக்கு ஒரு நிதி உருவாகும். நெல்லைக் காயவைத்துச் சேர்த்துவைக்கப் பொதுவான களமும் அறையும் இருந்தால் இரண்டு வாரம் பொறுத்திருக்கலாம். பொறுத்திருக்க முடிந்தவனிடம்தான் வியாபாரி விலை பேசுவான்.

கணக்குப் புத்தகம் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கட்டும். நமது சங்கமும் ஒருவர் கையில் அகப்பட்டால், அது இன்னொரு ஏகபோகமே.